அடையாற்றங்கரை ப்ரோடி மாளிகை: மியூசியம் ஆக்கலாமா, இசைக்கே விட்டுவிடலாமா?

கிரீன்வேஸ் பாலா:

ஒரு மரபு நடைக் குழுவில் நடந்த பேச்சை இங்கே கொண்டு வருகிறேன். கிரீன்வேஸ் ரோட்டில் (இப்போது டி.ஜி.எஸ். தினகரன் சாலை) இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பழைய வெள்ளை மாளிகை இருக்கிறது. ப்ரோடி கேசில் என்பார்கள், ‘தென்றல்’ என்றும் பெயர் உண்டு. குழுவில் மூத்தவர் ஒருவர், “வகுப்பு, ஆபீஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, வீட்டைப் பழையபடி ஆக்கி மியூசியமாக வைத்தால்தான் அது பிழைக்கும்” என்றார். நிறையப் பேர் ஆமோதித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜேம்ஸ் ப்ரோடி ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். 1796-ல் ஆற்றோரம் 11 ஏக்கர் நிலம் பெற்று, 1798 வாக்கில் வீட்டைக் கட்டி முடித்தார். ஸ்காட்லாந்தில் அவர் குடும்பத்துக்கு ஒரு கோட்டை உண்டு. அதன் பெயரையே இதற்கும் வைத்தார். முகப்பில் சிறு கோபுரங்கள், மேல் விளிம்பில் கோட்டை மதில் போன்ற பல்வரிசை என்று கட்டடமும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதில் நிம்மதியாக வாழவில்லை. பணமுடை வந்து வீட்டை வாடகைக்கு விட்டார். சில ஆண்டுகளிலேயே இதே அடையாற்றில் படகு கவிழ்ந்து இறந்தும் போனார். பிறகு இங்கே வாடகைக்கு இருந்தவர்களில் ஒருவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், 1801-ல் அமைந்த சென்னை சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி.

இசைக் கல்லூரி 1949-ல் தொடங்கியது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். பின்னாளில் அது இந்த வளாகத்துக்கு வந்தது, 2013-ல் பல்கலைக்கழகமும் வந்தது. ப்ரோடி இருந்தது சில ஆண்டுகள், இசை இருப்பது பல பத்தாண்டுகள். யாரை வெளியே அனுப்பிவிட்டு யாருக்கு மியூசியம் வைக்கப் போகிறோம்? இதுதான் என் கேள்வி.

மயிலை ரங்கா:

பாலா தம்பி, வாட்ஸப்பில் அதைச் சொன்னது நான்தான். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

இசையை வெளியே அனுப்பு என்று நான் சொல்லவில்லை. வளாகத்தில் இடம் இருக்கிறது, நல்ல வகுப்பறைகள் கட்டட்டும். 225 வயது தாண்டிய ஒரு வீட்டின் மேல் தினசரிப் புழக்கத்தின் பாரத்தை ஏற்றக் கூடாது என்பதுதான் என் வாதம். இந்த ஊரில் புழக்கத்தில் இருந்த பழைய கட்டடங்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். சேப்பாக்கம் கலச மகாலில் அரசு அலுவலகங்கள் இருந்தன. அறைக்கு அறை தடுப்பு, தடுப்புக்குத் தடுப்பு ஒயர், தரையிலிருந்து கூரைவரை காகிதக் கட்டு. 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையே கொடுத்தார். 1768-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கட்டிய அரண்மனையின் பாதி ஒரே ராத்திரியில் கூரையில்லாமல் நின்றது.

கடற்கரையில் ராணி மேரிக் கல்லூரியின் கேப்பர் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் அந்தக் கல்லூரி பிறந்ததே அந்த வீட்டில்தான். இத்தனை தலைமுறைப் பெண்கள் படித்த வீடு. கவனிப்பாரில்லாமல் சிதிலமாகி, கடைசியில் இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். இன்று கேப்பர் ஹவுஸைப் படத்தில்தான் பார்க்கலாம். “உபயோகத்தில் இருக்கிறதே, போதும்” என்று நாம் அசட்டையாக இருந்துவிட்டோம்.

என் அப்பா காலத்தில் ஆர்.கே. மட் ரோடு ப்ரோடீஸ் ரோடாக இருந்தது. பெயர் போயிற்று, பரவாயில்லை. வீடும் போய்விடக் கூடாது.

தென்பாண்டி:

இருவருமே “வீடு பிழைக்க வேண்டும்” என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வீடு எழும்பியது 1796-க்கும் 1798-க்கும் நடுவில். அடுத்த வருடம், 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமையைக் கம்பெனி ஒரேயடியாகப் பறித்தது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஸ்ட்ரேஞ்ச் இங்கே தலைமை நீதிபதி ஆனதும் அதே 1801-ல்தான். இதையெல்லாம் ஒரே காலண்டரில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அக்கால மதராஸில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாளிகை கட்டவில்லை. சொந்த வியாபாரம் செய்தார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள். நவாபுக்கே கடன் கொடுத்து, அந்தக் கடனுக்கு ஈடாகக் கிராமங்களின் வரி வசூலைக் கையில் வாங்கினார்கள். தஞ்சாவூரிலும் ஆற்காட்டிலும் விவசாயி கட்டிய வரி அந்த வட்டிக்குப் போனது. நவாப் கடன் விவகாரம் முற்றிப்போய், 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரையே ஆற்றினார். அவர்கள் ஊர்க்காரரே பொறுக்க முடியாமல் பேசிய விஷயம் அது.

ப்ரோடி தனி ஆளாக எவ்வளவு சுரண்டினார் என்று நான் கணக்குப் போடவில்லை. ஆனால் அடையாற்றங்கரை தோட்ட வீடுகள் எந்தக் காசில் எழும்பின என்பதில் சந்தேகமே கிடையாது. கோடிக்கணக்கில் செலவழித்து அதைப் பளபளப்பாக்கி, “ஸ்காட்லாந்துக் கோட்டையின் நினைவாக” என்று பலகை மாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தில் வெளியூரிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஹாஸ்டல் கட்டுங்கள், நல்ல வாத்தியம் வாங்கிக் கொடுங்கள்.

கிரீன்வேஸ் பாலா:

தென்பாண்டி அண்ணே, நீங்கள் சொன்ன வரலாற்றில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. முடிவில்தான் வேறுபடுகிறேன்.

கட்டடத்தை விட்டுவிட்டால் அந்த வரலாறு எங்கே நிற்கும்? பாளையக்காரர்கள் கதைக்குத் தெற்கே சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. அந்தப் போருக்குப் பணம் எங்கே சேர்ந்தது, யார் வீட்டில் விருந்து நடந்தது என்று காட்ட சென்னையில் என்ன இருக்கிறது? இந்த மாதிரி நான்கைந்து வீடுகள்தான். வசதியானவர்கள் கோட்டையைவிட்டு வெளியே வந்து ஆற்றோரம் வீடு கட்டுவது பெருகியது, ஹைதர், திப்பு பயம் குறைந்த பிறகுதான். 1760களிலும் 1780-லும் ஹைதரின் குதிரைப்படை நகரத்தின் ஓரம்வரை வந்து போனது. அந்தக் காலத்தில் அடையாற்றங்கரையில் தனி மாளிகை என்றால் ஆபத்துதான். 1792-ல் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டார். நான்கே வருடத்தில் ப்ரோடி நிலம் வாங்குகிறார். நீங்கள் கேட்ட காலண்டர் அந்த வீட்டின் சுவரிலேயே இருக்கிறது. இடிந்தால் அந்தச் சாட்சியமும் போகும்.

இன்னொன்று. இதே ஆற்றங்கரையில் ஏறக்குறைய இதே காலத்து இன்னொரு வீடு இருக்கிறது. ஜார்ஜ் மௌப்ரே என்ற கம்பெனிக் கணக்கர் 100 ஏக்கருக்கு மேல் வளைத்துக் கட்டிய வீடு. டி.டி.கே. சாலையின் பழைய பெயர் மௌப்ரேஸ் ரோடு, அந்த ஆள்தான். அந்த வீடு இன்று மெட்ராஸ் கிளப். அருமையாகப் பராமரிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறுப்பினர் அல்லாத நானும் நீங்களும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ப்ரோடி வீட்டு வளாகத்தில் யார் நுழைகிறார்கள்? திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தவில் கற்க வந்த பையன். கம்பெனிக்காரன் வீட்டுக்கு இதைவிட நல்ல முடிவு என்ன வேண்டும்?

ரங்கா சார், கலச மகாலைச் சொன்னீர்கள். அதன் மீதிக் கதையையும் சொல்லுங்கள். பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையிலேயே அதைத் திரும்பக் கட்டியது. அதற்குப் பிறகு பூட்டியா வைத்தார்கள்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. தினமும் ஆள் நடமாட்டம் இருப்பதால்தான் ஒழுகினால் அன்றைக்கே தெரிகிறது.

மயிலை ரங்கா:

தீர்ப்பாயம் என்பது சில அறைகளும் கொஞ்சம் நாற்காலியும். அதையும் கல்லூரியையும் ஒன்றாக வைக்காதீர்கள். கல்லூரியில் வருடா வருடம் ஆள் கூடும், பாடப்பிரிவு கூடும். ஒரு அறை போதவில்லை என்றால் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்பு. அப்புறம் ஏசி. ஏசிக்குச் சுவரில் ஓட்டை. மாடியில் ஒரு கழிப்பறை, அதற்குக் குழாய். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, தேவைக்குச் செய்கிறார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பழைய வீடு உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கும்.

கும்மாயம்:

இந்தப் பேச்சில் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பழைய கட்டடப் பராமரிப்புதான் என் தொழில். ப்ரோடி வீட்டில் வேலை செய்ததில்லை, அதே காலத்து வேறு வீடுகளில் செய்திருக்கிறேன்.

ரங்கா ஐயா ஆள் நடமாட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். தவில் சத்தத்தில் இந்தச் சுவர் விழாது. இந்தச் சுவரை விழ வைப்பது இரண்டு: தண்ணீர், சிமெண்ட்.

முதலில் சிமெண்ட். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே மெட்ராஸ் சுண்ணப் பூச்சு. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். கீழ்ப் பூச்சு கரகரப்பாக, அதன் மேல் நைசாக ஒன்று. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேரும். அது காய்வதற்குள் மேஸ்திரி வழுவழுப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நாள் கணக்கில் தேய்க்க வேண்டும், வியர்த்து வரும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பளிங்கு என்று வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதியது இந்தச் சுவரைப் பார்த்துத்தான். இந்தப் பூச்சு மூச்சு விடும். மழைக்காலத்தில் செங்கல் இழுத்த ஈரம் கோடையில் பூச்சு வழியாக வெளியேறிவிடும்.

இதன் மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைந்துவிடுகிறது. ஆற்றோர மண்ணில் உப்பு இருக்கும். ஈரம் உப்பையும் சேர்த்து மேலே இழுக்கும், வெளியே போக முடியாமல் பூச்சுக்குப் பின்னால் உப்பு பூக்கும். ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) எங்களைக் கூப்பிட்டார்கள். பார்வைக்குச் சுவர் புத்தம் புதிது, மேலே விலையுயர்ந்த பெயிண்ட். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே முழுக்கப் பொள்ளல் சத்தம். ஓரிடத்தில் கரண்டியை நுழைத்து நெம்பியதும் சிமெண்ட் ஏடு ஏடாக வந்தது. உள்ளே இருந்த செங்கல்லை நகத்தால் கீறினால் சிவப்புப் பொடி கொட்டியது. பூச்சு போட்டு இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் 150 வருடம் நின்ற சுவர் அது.

அடுத்தது தண்ணீர். கூரை மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். ஆனால் மழைநீர்க் குழாய் வாயில் நாலு இலை அடைத்தால் போதும். தேங்கிய தண்ணீர் கட்டையின் நுனிக்குப் போகும், சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. அங்கே மக்கினால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். அதை மேலாகக் கிள்ளிப் போட்டால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும்.

பூட்டி வைத்த வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? ஆள் புழங்கும் வீட்டில் மேலே ஒரு சொட்டு விழுந்தால் கீழே இருப்பவர் சத்தம் போடுவார். நான் பார்த்தவரையில் பூட்டிய வீடுகள்தான் சீக்கிரம் போயிருக்கின்றன. அதனால் பாலா பக்கம்தான் நிற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: மாடியில் கழிப்பறை வேண்டாம், சுவரில் சிமெண்ட் வேண்டாம், என்ன மாற்றம் செய்வதானாலும் சுண்ணாம்பு தெரிந்த ஒருவரின் கையெழுத்து இல்லாமல் கரண்டி எடுக்கக் கூடாது.

நாயனம் 88:

அங்கே படித்தவள் என்ற முறையில் நானும் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், கல்லூரி என்ன என்று யாரும் சொல்லவில்லை. முசிறி ஐயாவின் பெயரை பாலா அண்ணா சொன்னார். அதோடு நிற்கவில்லை. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை அந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தவர். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து புல்லாங்குழலுக்கு வந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அங்கே ஆசிரியர். தனம்மாள் வீட்டுப் பதங்களும் ஜாவளிகளும் (காதல் சுவைப் பாடல் வகைகள்) பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குள் இருந்தவை. அந்த வீட்டு வித்தையை ஒரு சர்க்கார் கல்லூரி மாணவிக்குக் கற்றுக்கொடுத்த இடம் இது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் மட்டுமா, நாகஸ்வரமும் தவிலும் பாடமாக வைத்த கல்லூரி. சபா மேடைகளில் எங்கள் வாத்தியத்துக்கு எப்போது இடம் தருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தொடக்க நாளில் வாசலில் மங்கல இசை, முடிந்தது. இங்கே அது முறையான பாடம்.

ரங்கா சார், மியூசியம் என்றால் அதில் என்ன வைப்பீர்கள்? ப்ரோடியின் நாற்காலியா? அப்படி எதுவும் மிஞ்சியிருந்தால் அது ஸ்காட்லாந்தில் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நம்மிடம் இருப்பது அந்த ஆசிரியர்களின் கதைதான். அவர்களின் பாடத்தைக் கேட்க அறை இருக்கும்போது பெட்டி எதற்கு?

அப்புறம் ஒன்று. உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய ஹாலில் நாயனத்தில் ஒரு நீண்ட ‘ச’ பிடித்துப் பாருங்கள். ஊதி நிறுத்திய பிறகும் ஸ்வரம் கொஞ்ச நேரம் அறைக்குள் இருக்கும். கற்கிற பிள்ளைக்குத் தன் சுருதி எங்கே சறுக்கியது என்று அந்த இடைவெளியில்தான் காது பிடிக்கும். தாழ்ந்த கான்கிரீட் அறையில் சத்தம் முகத்தில் அடித்துவிட்டு அப்படியே செத்துப் போகும். தென்பாண்டி அண்ணன் நல்ல வாத்தியம் வாங்கிக் கொடுங்கள் என்றார். நல்ல அறையும் வாத்தியம்தான்.

தென்பாண்டி:

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். நாகஸ்வரம் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் அந்தப் பெருமை கல்லூரிக்கு உரியது. ப்ரோடியின் சுவருக்கு அதில் பங்கு இல்லை. பிருந்தாம்மா ஒரு கூரைக் கொட்டகையில் கற்றுக்கொடுத்திருந்தாலும் அது பிருந்தாம்மா பாடம்தான்.

பாலா சாட்சியம் என்கிறார். சாட்சி வாய் திறந்து பேசினால்தானே சாட்சி? மரபு நடைகளில் இந்த வீட்டின் முன்னால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்துக் கோட்டை, படகு விபத்து, விதவை மனைவி. கேட்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவர்கள் யார், கிளிஞ்சல் சுமந்தவர்கள் யார், பல்லக்குத் தூக்கியவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரேஞ்ச் 1825-ல் இந்துச் சட்டம் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நம் குடும்பங்களில் சொத்து யாருக்கு, தத்து செல்லுமா, விதவைக்கு என்ன உரிமை என்று கோர்ட்டுகள் வெகுகாலம் அதை மேற்கோள் காட்டித் தீர்ப்புச் சொன்னன. இந்த ஊர் வீடுகளுக்குள்ளே நேராக நுழைந்த விஷயம் அது. அதைச் சொல்லும் மரபு நடை ஒன்றைக் காட்டுங்கள், நானும் வந்து நடக்கிறேன்.

இதெல்லாம் இல்லாமல் சுண்ணாம்பு பூசுவது எஜமானுக்கு வேட்டி துவைத்துக் கொடுப்பது போலத்தான்.

மயிலை ரங்கா:

தென்பாண்டி, இதைத்தான் மியூசியத்தில் சொல்ல வேண்டும் என்கிறேன்! வகுப்பு நடக்கும் கட்டடத்தில் நீங்கள் கேட்கும் கதையை யார், எப்போது, எந்த அறையில் சொல்வது? பாடம் நடக்கிறது, வெளியார் நுழையக் கூடாது என்று செக்யூரிட்டி நிறுத்துவார், அது அவர் வேலை. பொதுமக்கள் வருவதற்கென்று ஒரு இடம் இருந்தால்தானே நவாப் கடனும் கயத்தாறும் சொல்ல முடியும்?

கும்மாயத்துக்கு: பூட்டிய வீடு கெடும் என்பது உண்மை. நான் கேட்பது திறந்த மியூசியம். டிக்கெட் கொடுக்க ஆள், பெருக்க ஆள், மாடிக்கு ஏறிப் பார்க்க ஆள் எல்லாரும் இருப்பார்கள். வீட்டின் மேல் பாரம் மட்டும் குறையும்.

கும்மாயம்:

ஐயா, அந்த ஆட்கள் திறப்பு விழா நடந்த வருடம் இருப்பார்கள். அதற்குப் பிறகு பணி ஓய்வு, காலியிடம், நிதி இல்லை. மாணவர்கள் வருடா வருடம் புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள். கட்டடத்துக்கு நான் அவர்களைத்தான் நம்புவேன்.

நுங்கம்பாக்கம் மகளிர் கிறித்தவக் கல்லூரியின் டவ்டன் ஹவுஸைப் பாருங்கள். அதுவும் 1798 வாக்கில் கட்டியது. பரோடாவில் 1875-ல் பதவி பறிக்கப்பட்ட மல்ஹர் ராவ் கெய்க்வாட்டைக் கொண்டுவந்து காவலில் வைத்தது அங்கேதான். 1916-ல் கல்லூரி வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கல்லூரியின் கையில் இருக்கிறது, புழக்கத்தில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. உங்கள் கேப்பர் ஹவுஸுக்கு என் பதில் இது. கேப்பர் ஹவுஸ் புழக்கத்தால் போகவில்லை, பழுது பார்க்காததால் போனது.

கிரீன்வேஸ் பாலா:

தென்பாண்டி அண்ணனும் ரங்கா சாரும் கேட்பதில் ஒரு பகுதியை இப்போதே செய்ய முடியும் என்று நினைக்கிறேன். கீழே ஒரு வரவேற்பறை அளவு இடம் போதும், பொதுமக்களுக்கு. மற்ற எல்லாம் பாடத்துக்கு. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநர் அல்ல, முதலமைச்சரே வேந்தர். அதனால் ஃபைல் ரொம்ப தூரம் பயணம் போக வேண்டியதில்லை. 2012-லேயே மரபுச் சின்ன ஆணையத்துக்குச் சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டது. கேட்பதற்கு வாசல் இருக்கிறது.

வாசலில் வைக்கப் பலகை ஒன்று எழுதிப் பார்த்தேன். இதையெல்லாம் கேட்டு அரசுக்கு நாம் அனுப்பும் மனுவோடு இணைக்கலாம். திருத்துங்கள்:

“இந்த வீட்டை 1796–98-ல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் ப்ரோடி கட்டினார். ஆற்காட்டு நவாபின் கடனும் பாளையங்களின் வரியும் கம்பெனிக்காரர்களின் கைக்குப் போன காலம் அது. கட்டி முடித்த மறுவருடம் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். சென்னையின் முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் இங்கே குடியிருந்தார். 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய இசைக் கல்லூரி பின்னர் இந்த வளாகத்துக்கு வந்தது. வாய்ப்பாட்டும் வீணையும் நாகஸ்வரமும் தவிலும் இங்கே கற்பிக்கப்படுகின்றன.”

நாயனம் 88:

கடைசி இரண்டு வரியை முதலில் கொண்டு வாருங்கள் அண்ணா. வாசலில் நிற்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது. பிருந்தாம்மா, சுவாமிநாத பிள்ளை பெயர்களையும் சேருங்கள். ஒரு முதல்வர் பெயரும் ஒரு நீதிபதி பெயரும் மட்டும் போதாது.

தென்பாண்டி:

பெயர்களைச் சேருங்கள், சரி. வரிசையை மாற்றாதீர்கள் தங்கச்சி. கடனும் வரியும் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த வரியை எட்டுவதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். “கட்டினார்” என்பதையும் மாற்றுங்கள். “ப்ரோடிக்காக சென்னைக் கொத்தனார்களும் சித்தாள்களும் கட்டினார்கள்” என்று போடுங்கள். இது இருந்தால் மனுவில் என் கையெழுத்தும் உண்டு. செலவு விஷயத்தில் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, ஹாஸ்டலையும் அதே மனுவில் கேளுங்கள்.

மயிலை ரங்கா:

பலகைக்குச் சம்மதம். ஒரு அறைக்கும் சம்மதம், அதை ஆரம்பமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். மாடியில் வகுப்பு வேண்டாம் என்று என் பெயரில் தனியாக ஒரு பத்தி சேர்த்து அனுப்புவேன். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

கும்மாயம்:

மனுவில் இன்னும் இரண்டு வரி வேண்டும். ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மொட்டை மாடி தட்டோடு, மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் மூன்றையும் பொதுப்பணித் துறையின் மரபுக் கட்டடப் பிரிவு ஏறிப் பார்க்க வேண்டும். இரண்டு, பலகையைச் சுவரில் ட்ரில் போட்டு மாட்டக் கூடாது. வாசலுக்கு வெளியே தரையில் தனித் தூண் நட்டு வையுங்கள்.